பழைய மணிமாலையின் துளையில் எஞ்சிய நூல்: ஆளியா, பருத்தியா, வேறு நாரா? எதை வைத்து முடிவு செய்வது?

மணிக்கோவை

வணக்கம். ஆய்வில் இருக்கும் ஒரு பழைய மாலையின் நூல் பற்றிய கேள்வி. செம்பு மணிகள் 6, மாக்கல் மணிகள் 40. மூன்று செம்பு மணிகளின் துளைக்குள் பச்சைக் களிம்போடு ஒட்டிய நூல் தெரிகிறது. அதில் நீளமானது 4 மி.மீ. ஒரு மாக்கல் மணிக்குள் பழுப்பு நிறத் துணுக்கு சிக்கியிருக்கிறது, அதில் களிம்பு ஏறவில்லை. பெட்டியின் அடியில் உதிர்ந்த இழைகள் கொஞ்சம் கிடக்கின்றன. மாலையை இப்போது கோத்திருக்கும் வெள்ளை நூல் பிற்காலத்தது. பதிவேட்டில் "லினன் நூல்", அதாவது ஆளி நார் நூல், என்று ஒரே வரி. எதை வைத்து எழுதினார்கள் என்ற குறிப்பு இல்லை.

உதிர்ந்த இழை ஒன்றை 400 மடங்கில் பார்த்தேன். கரும்புக் கணு மாதிரி குறுக்குக் கோடுகள் தெளிவாக இருக்கின்றன. ஆளி நார் என்று உறுதி செய்துவிடலாமா? கையில் ஸ்டீரியோ நுண்ணோக்கியும், 530 நானோமீட்டர் சிவப்புத் தகடு உள்ள தளவிளைவு ஒளி நுண்ணோக்கியும் இருக்கின்றன. மின்னணு நுண்ணோக்கிக்கு (எஸ்.இ.எம்.) வெளியே அனுப்பலாம்.

இழைநோக்கி

வேண்டாம், இப்போதைக்கு எதையும் உறுதி செய்யாதீர்கள். இரண்டு காரணங்கள்.

முதலாவது, அந்தக் குறுக்குக் கோடுகள். அவை ஆளிக்கு மட்டும் சொந்தமல்ல. தண்டிலிருந்து நாரை உரித்து, அடித்து, வளைக்கும்போது செல்சுவர் நெரிந்து உண்டாகும் தடங்கள் அவை. கஞ்சாச் செடி நார், ராமி, நெட்டில் (பின்னிரண்டும் தண்டில் நார் தரும் செடிகள்) என்று எல்லாத் தண்டு நாரிலும் வரும். ஜார்ஜியாவின் ஸுட்ஸுவானா குகையில் 30,000 ஆண்டுப் பழைமையான காட்டு ஆளி இழைகள் கிடைத்ததாக 2009இல் சயின்ஸ் இதழில் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டே அதே இதழில் மறுப்பும் வந்தது. காட்டிய அடையாளங்கள் ஆளியை மற்றத் தண்டு நார்களிலிருந்து பிரிக்கப் போதாது என்பதே மறுப்பின் சாரம். உங்கள் கேள்வியும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவது, நீங்கள் பார்த்தது பெட்டியில் உதிர்ந்த இழை. அது மணிக்குள் இருந்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? மறுபடி கோத்த நூலிலிருந்து விழுந்திருக்கலாம். கையுறை, துடைக்கும் துணி, மேல்சட்டை, பொதியப் பயன்படுத்திய பஞ்சு எல்லாமே இழை உதிர்க்கும். முதலில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பெட்டியையும் மாலையையும் பாருங்கள். இக்கால நூல்களிலும் துணிகளிலும் வெண்மைக்காகச் சேர்க்கும் சாயம் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரும். ஒளிர்பவற்றைத் தனிக் குப்பியில் எடுத்துவிடுங்கள். ஒளிராதது பழையது என்று மட்டும் திருப்பிப் போட்டுவிடாதீர்கள், அந்தச் சாயம் சேர்க்காத புது நூலும் உண்டு. இப்போதைய கோவை நூலிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து ஒப்பீட்டுச் சிலைடு போட்டு வையுங்கள். எந்த முடிவுக்கும் முன் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

களிம்புப்பச்சை

செம்பு மணிகளைப் பற்றி உடனே ஒன்று சொல்ல வேண்டும்: துளையைச் சுத்தம் செய்யாதீர்கள். குச்சியால் குத்துவது, அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவது, களிம்பு நீக்கும் அமிலம், எதுவும் கூடாது. அந்தப் பச்சைதான் நூலை இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது. செம்பு உப்புகள் நுண்ணுயிர்களை நெருங்கவிடாது. கூடவே இழையின் மேலும் உள்ளும் படிந்து அதன் வடிவத்தையே கனிமமாக மாற்றிவிடும். பலூசிஸ்தானின் மெஹர்கரில் கி.மு. 6ஆம் ஆயிரத்தாண்டுக் கல்லறை ஒன்றின் செம்பு மணிக்குள் இப்படித்தான் பருத்தி நூல் எஞ்சியிருந்தது. உலோக ஆய்வுக்காக மணியை எடுத்தபோது கண்டார்கள். தெறிப்பொளி நுண்ணோக்கி, எஸ்.இ.எம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். அவர்கள்கூடக் காசிப்பியம் என்ற பருத்திப் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பயிரிட்ட பருத்தியா, காட்டுப் பருத்தியா என்று உறுதிப்படுத்த முடியாது என்றும் எழுதினார்கள்.

கனிமமான நூலில் இரண்டு நிலை உண்டு. ஒன்றில் இழையின் உள்ளேயே உப்பு புகுந்து இழையே கல்லாகி நிற்கும், அதன் நடுவே ஓடும் உட்குழல்கூடத் தெரியும். மற்றதில் இழையைச் சுற்றி உப்பு கூடு கட்டும், இழை மக்கிப்போய் வெறும் துளை மிஞ்சும். இரும்பில் இந்த இரண்டாவது நிலையை அதிகம் பார்க்கலாம். துளை மட்டும் இருந்தால் அதன் உட்சுவரில் பதிந்திருப்பது இழையின் வெளிப்பரப்பு. அகலம் அளக்கும்போது எதை அளக்கிறீர்கள் என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டின் வெளி அகலத்தை இழையின் அகலமாக எழுதி, மெல்லிய இழையை முரட்டு நார் ஆக்கிவிடும் தவறு இங்கே சாதாரணமாக நடக்கிறது.

எஸ்.இ.எம்.முக்கு அனுப்பினால் குறை வெற்றிட நிலையில், பூச்சு இல்லாமல், மணியை முழுதாகவே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சிதறல் படத்தில் செம்பு ஏறிய பகுதி வெளுப்பாகவும் கரிமப் பகுதி கருப்பாகவும் பிரிந்து தெரியும். தங்கப் பூச்சு கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பூசிய பின் ஒளி நுண்ணோக்கிக்கும் வேதி ஆய்வுக்கும் அந்தத் துணுக்கு பயன்படாது.

மணிக்கோவை

நன்றி. புற ஊதாவில் பார்த்தேன். பெட்டி இழைகளில் பாதிக்கு மேல் ஒளிர்கின்றன. மாக்கல் மணித் துணுக்கு ஒளிரவில்லை. இனி அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு எடுக்கலாம்? ஆளி இல்லையென்றால் சணலா என்பதை எப்படிப் பிரிப்பது?

நார்ப்பட்டியல்

பிரிப்பதற்கு முன் "சணல்" என்ற சொல்லை நிறுத்திவைப்போம். தமிழில் அது மூன்று செடிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாக்குப் பை நார் கார்கோரஸ், அதாவது ஜூட். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பு குரோட்டலேரியா ஜன்சியா. கஞ்சாச் செடியின் நார் கன்னாபிஸ் சட்டைவா, ஹெம்ப். மூன்றும் வேறு வேறு குடும்பம். ஹெம்ப் என்று எழுதியதைச் சணல் என்று பெயர்த்து, அதைப் படித்தவர் ஜூட் என்று புரிந்துகொண்ட தமிழ்க் கட்டுரைகள் உண்டு. கற்றாழையும் அப்படித்தான். சோற்றுக் கற்றாழையில் கயிறு திரிப்பதில்லை, கயிறு தருவது அகேவ் இனமான ஆனைக் கற்றாழை. காஞ்சொறி என்று நாம் சொல்வது டிராஜியா, நெட்டில் எனப்படும் உர்ட்டிக்கா வேறு. அறிக்கையில் தாவரப் பெயரைத் தமிழ் எழுத்திலாவது ஒரு முறை எழுதிவிடுங்கள், பின்னால் வருபவர் தடுமாற மாட்டார்.

படிகம்

அளவு: 1 முதல் 2 மி.மீ. போதும். உடைந்து தொங்கும் முனையிலிருந்து மட்டும் எடுங்கள், முறுக்கு தெரியும் நடுப்பகுதியைத் தொடாதீர்கள். எடுக்கும் முன் 10 முதல் 40 மடங்கில் படம் பிடித்து, முறுக்கின் திசை, புரிகளின் எண்ணிக்கை, தடிப்பு மூன்றையும் குறித்துவிடுங்கள். பிரித்த பிறகு அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது. 5ஆம் எண் நுனிக் கவ்வியும் 11ஆம் எண் கத்தியும் வேண்டும்.

காய்ந்த துணுக்கை அப்படியே பிரித்தால் பொடியாகிவிடும். நீர், எத்தனால், கிளிசரின் சம அளவு கலந்த ஒரு சொட்டில் சில மணி நேரம் மூடி வைத்தால் இளகும். பிறகு ஸ்டீரியோவின் கீழ் ஊசியால் மெதுவாகக் கிழித்துத் தனி இழைகளாக்குங்கள். இந்தப் படி முக்கியம், இனி சொல்லப்போவது எல்லாமே தனி இழைக்குத்தான் பொருந்தும், கட்டுக்குப் பொருந்தாது.

பருத்தியை முதலில் ஒதுக்கிவிடலாம். அது தட்டையான நாடா மாதிரி இருக்கும், அந்த நாடா ஓரிடத்தில் இடப்பக்கம் முறுகி, சற்றுத் தள்ளி வலப்பக்கம் திரும்பும். தளவிளைப்பான்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து மேடையைச் சுழற்றினால் எந்தக் கோணத்திலும் முழுதாக இருளாது. ஆளியும் ராமியும் தளவிளைவுத் திசைக்கு நேராக வரும்போது நன்றாக இருண்டுவிடும். குறுக்குவெட்டில் பருத்தி அவரை விதை வடிவம், ஆளி கூர்முனைகள் உள்ள பலகோணம், நடுவில் புள்ளியளவு உட்குழல்.

தண்டு நார்களுக்குள் பிரிக்கப் பயன்படுவது செல்சுவரின் நுண்ணிழைகள் எந்தப் பக்கம் சாய்ந்து சுருள்கின்றன என்பது. S எழுத்தின் நடுக்கோடு போலச் சாய்ந்தால் S சாய்வு, Z எழுத்தின் நடுக்கோடு போலச் சாய்ந்தால் Z சாய்வு. ஆளி, நெட்டில், ராமி மூன்றும் S சாய்வு. ஹெம்ப், ஜூட் இரண்டும் Z சாய்வு. நூலைத் திரித்தவரின் முறுக்குக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, இது செடி வளர்த்த சாய்வு.

புது நாரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நனைத்த தனி இழையின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனை உங்களை நோக்கி இருக்கும்படி இளஞ்சூட்டுத் தகட்டின் மேல் காட்டுங்கள். காயக் காய, ஆளியின் நுனி கடிகார முள்ளின் திசையில் சுழலும், ஹெம்ப் எதிர்த்திசையில் சுழலும். பழைய இழைக்கு அந்த உயிர்ப்பு இருக்காது, நீளமும் போதாது. அதற்குத்தான் சிவப்புத் தகட்டுச் சோதனை, ஹெர்ஸாக் சோதனை என்பார்கள். தளவிளைப்பான்கள் குறுக்காக, தகடு உள்ளே. இழையைத் தளவிளைவுத் திசைக்கு இணையாக வைத்து நிறம் பாருங்கள், 90 பாகை சுழற்றி மறுபடி பாருங்கள். ஒரு நிலையில் நீலச் சாயல், மறு நிலையில் மஞ்சள் சாயல். S வகைக்கும் Z வகைக்கும் இந்த வரிசை தலைகீழ். எது முதலில் என்பது உங்கள் கருவியில் தகடு எப்படிச் செருகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் தெரிந்த ஆளி ஒன்று, தெரிந்த ஹெம்ப் ஒன்று வைத்துச் சரிபார்த்த பிறகே தொடங்குங்கள்.

மணிக்கோவை

செய்தேன். என் ஒப்பீட்டு ஆளியும் ஹெம்ப்பும் ஒரே நிறம்தான் காட்டுகின்றன. ஒரு நிலையில் நல்ல நீலம், 90 பாகை திருப்பினால் நல்ல மஞ்சள், இரண்டுக்கும். தகட்டில் கோளாறா?

படிகம்

தகடு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் 45 பாகையில் வைத்துப் பார்க்கிறீர்கள். அந்த நிலையில் இரண்டு நாரும் ஒரே மாதிரி பளிச்சென்ற நீலமும் மஞ்சளும்தான் தரும், அது சோதனையே அல்ல. இழை நேர் செங்குத்தாகவும் பிறகு நேர் கிடையாகவும் இருக்க வேண்டும். அப்போது நிறம் மங்கலாகத்தான் இருக்கும், சிவப்புப் பின்னணியிலிருந்து இலேசாக விலகும். அந்த இலேசான விலகல்தான் விடை. கண்வில்லையின் குறுக்குக் கோட்டோடு இழையை ஒட்டி வைத்து, மேடைப் பூட்டைப் போடுங்கள். இரண்டு மூன்று பாகை பிசகினாலும் 45 பாகை நிறம் கலந்து ஏமாற்றும். நெரிவுக் கோடு உள்ள இடம், இரண்டு இழை மேலே கீழே படிந்த இடம், மிகத் தடித்த இழை, மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கேமரா. மென்பொருளில் படம் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டப்பட்டிருந்தால் S என்பது Z ஆகத் தெரியும். படத்தைச் சுழற்றுவதால் மாறாது, புரட்டினால் மாறும். ஒரு சிலைடில் எழுத்து எழுதி, கண்ணிலும் திரையிலும் ஒத்துப் பாருங்கள்.

களிம்புப்பச்சை

இதோடு ஒட்டியது: களிமண்ணில் பதிந்த கயிற்றுத் தடத்திலும் இதே சிக்கல். தடம் அச்சு என்பதால் S முறுக்கு அங்கே Z ஆகப் பதியும். சிலிகான் வார்ப்பு எடுத்து வார்ப்பில் படிக்க வேண்டும். அறிக்கையில் தடத்தில் படித்தீர்களா, வார்ப்பில் படித்தீர்களா என்று எழுதாவிட்டால் அந்தத் தகவலே பயனற்றது.

மணிக்கோவை

45 பாகைதான் தவறு. இப்போது ஆளியும் ஹெம்ப்பும் பிரிகின்றன. மாக்கல் துணுக்கில் படிக்கக்கூடிய தனி இழைகள் எல்லாமே ஆளியின் வரிசையைக் காட்டுகின்றன, அகலம் 12 முதல் 22 மைக்ரான். ஆனால் இழைகளுக்கு நடுவே மினுங்கும் துகள்கள் இருக்கின்றன. ஆளியில் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்காது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இது நெட்டிலா?

படிகம்

நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். பெர்க்பியோர்டும் ஹோல்ஸ்டும் 2010இல் தந்த முறை இந்த இரண்டையும் சேர்ப்பதுதான். S சாய்வு, படிகம் இல்லை என்றால் ஆளி. S சாய்வோடு கொத்துப் படிகங்கள் என்றால் நெட்டில் அல்லது ராமி. Z சாய்வோடு கொத்துப் படிகங்கள் ஹெம்ப், Z சாய்வோடு தனித்தனிக் கட்டப் படிகங்கள் ஜூட். டென்மார்க்கின் வோல்டோஃப்டே துணி நெட்டில் என்று 2012இல் முடிவானது இந்த வழியில்தான்.

ஆனால் மினுங்குவதெல்லாம் ஆக்சலேட் அல்ல. புதைந்த பொருளில் மண்ணின் கால்சைட், ஜிப்சம், செம்பு மணி பக்கத்தில் இருந்தால் மாலக்கைட், எல்லாமே மினுங்கும். மூடுகண்ணாடி ஓரத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, மறுபக்கம் வடிதாளால் இழுத்துக்கொண்டே பாருங்கள். குமிழி விட்டுக் கரைந்தால் கார்பனேட். அசையாமல் நின்று, பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குமிழி இல்லாமல் கரைந்தால் ஆக்சலேட். வடிவத்தையும் பாருங்கள்: கொத்துப் படிகம் முள்ளுருண்டை போல இருக்கும், நாருக்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய செல்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எங்கேயோ சிதறிக் கிடக்கும் ஒழுங்கற்ற துகள் அதுவல்ல.

படிகம் காணவில்லை என்பதும் பலவீனமான சாட்சிதான். அது நாருக்குள் இல்லை, அருகிலுள்ள திசுவில் இருக்கிறது. நன்றாக ஊறவைத்து அலசிச் சீவிய நாரில் அந்தத் திசுவே போயிருக்கும். திசு ஒட்டியிருந்து படிகம் இல்லையென்றால் மட்டுமே "இல்லை" என்பதற்கு எடை உண்டு.

இழைநோக்கி

திசு ஒட்டியிருக்கிறதா என்பது இன்னொரு கேள்விக்கும் விடை தரும். பழைய எகிப்திய லினன் நூல்கள் பல, இன்று நூற்கும் விதத்தில் நூற்றவை அல்ல. தண்டிலிருந்து உரித்த நார்ப்பட்டைகளை முனையோடு முனை சேர்த்து முறுக்கி நீட்டியவை. அப்படிச் செய்த நூலில் இழைகள் கட்டாகவே கிடக்கும், தோல்திசு ஒட்டியிருக்கும், ஒற்றைப் புரியில் முறுக்கு மிகக் குறைவாக இருக்கும். 2 மி.மீ. துணுக்கிலும் இது தெரிய வாய்ப்புண்டு, பார்த்து எழுதுங்கள்.

மரப்பட்டை நாரையும் மறக்க வேண்டாம். துருக்கியின் சாட்டால்ஹூயூக் துணிகள் கம்பளியா, லினனா என்று நெடுநாள் வாதிட்டார்கள். 2021இல் வெளியான ஆய்வில் சிலவற்றை எஸ்.இ.எம்.மில் பார்த்தபோது ஓக் மரத்தின் உட்பட்டை நார் என்று தெரிந்தது. இரண்டு விடைக்குள் வாதம் நடந்தால் மூன்றாவது கண்ணில் படாது.

ஓலைப்பின்னல்

தலைப்பு அணிகலன் என்பதால் நூல் அல்லாதவை பற்றியும் சேர்க்கிறேன். பின்னல் வளையம், ஓலைப்பட்டி, கூடைவேலை அலங்காரம் போன்றவற்றில் நாரைப் பார்த்துப் பயனில்லை, மேல்தோலைப் பார்க்க வேண்டும். எகிப்தில் துட்டன்காமனின் சவச்சடங்குப் பொருட்களோடு கிடைத்த மலர்க் கழுத்தணிகளில் பாப்பிரஸ் தாளை அடித்தளமாக வைத்து இலை, மலர், மணி, லினன் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். ஒரே அணியில் நான்கைந்து தாவரம். ஒரு துணுக்கு எடுத்து மொத்தத்துக்கும் பெயர் வைக்க முடியாது.

பனைக் குடும்பத்தில் நார்க்கட்டை ஒட்டி முள்ளுருண்டை அல்லது தொப்பி வடிவச் சிலிக்கா வரிசை இருக்கும். கோரைக் குடும்பத்தில் கூம்பு வடிவச் சிலிக்கா. புல்லில் இலைத்துளையின் காப்புச் செல்கள் உடற்பயிற்சி டம்பெல் வடிவம். அகேவ் நாரில் சிலிக்கா இல்லை, நீண்ட ஊசி மாதிரி ஆக்சலேட் படிகங்கள் உண்டு. ஒரு சிறு துணுக்கைச் சாம்பலாக்கினால் சிலிக்கா நிலைத்து நிற்கும், ஆக்சலேட் சுமார் 500 பாகை செல்சியஸில் கார்பனேட்டாக மாறினாலும் வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். துணுக்கு திரும்ப வராது என்பதால் இதைக் கடைசியாக வையுங்கள்.

நார்ப்பட்டியல்

மாக்கல் மணி என்றதால் ஒரு எச்சரிக்கை: தாவர இழைதான் என்று முன்கூட்டியே எண்ண வேண்டாம். சிந்துவெளியின் சன்ஹுதாரோவில் நுண்ணிய மாக்கல் மணிகளுக்குள் கிடைத்த நூல் பட்டு என்று 2009இல் தெரிந்தது. உங்கள் துணுக்கில் செல்சுவரும் உட்குழலும் தெரிவதால் பட்டு இல்லை, சரி. செம்பு மணிகளை எஸ்.இ.எம்.மில் பார்க்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

மணிக்கோவை

துகள்கள் அசிட்டிக் அமிலத்தில் குமிழி விட்டுக் கரைந்தன, மண் கால்சைட்தான். நாரோடு திசு ஒட்டியிருக்கிறது, அதில் கொத்துப் படிகம் இல்லை. எஸ்.இ.எம். படங்களும் வந்தன. ஒரு செம்பு மணியில் தட்டையான, முறுகித் திரும்பும் நாடா இழைகள், இது பருத்தி போலவே இருக்கிறது. மற்ற இரண்டில் களிம்புக் கூடு மட்டும். ஒரே மாலையில் இரண்டு வகை நூல் எப்படி? எதைப் பதிவேட்டில் எழுதுவது?

களிம்புப்பச்சை

கூடு மட்டும் உள்ள இரண்டுக்கும் "தீர்மானிக்க முடியவில்லை" என்று எழுதுங்கள். மூன்றாவதின் பருத்தியை அவற்றுக்குப் பரப்பக் கூடாது. ஒரே மாலையில் இரண்டு நூல் இருக்கத் தடையில்லை: மணிகள் வேறு வேறு காலத்தில் கோக்கப்பட்டிருக்கலாம், இரண்டு மாலைகள் ஒன்றாகியிருக்கலாம், மாக்கல் துணுக்கு பின்னாளில் மறுகோவை செய்தபோது நுழைந்திருக்கலாம். பருத்தி களிம்புக்குள் கனிமமாகியிருப்பதால் மணியோடு அதன் பழைய உறவு உறுதி. மாக்கல் துணுக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கரிமக் காலக்கணிப்பு கேட்கத் தோன்றும், ஆனால் அந்த 2 மி.மீ. ஒரு மில்லிகிராம்கூட வராது.

இழைநோக்கி

அந்தத் துணுக்கில் பழைய உறுதிப்பூச்சு இருக்கிறதா என்றும் பார்த்தீர்களா? பராலாய்ட் பி-72 (ஒரு அக்ரிலிக் பிசின்) போன்றவை இழைகளை ஒட்டி இல்லாத கட்டைக் காட்டும், அகச்சிவப்பு நிறமாலையில் 1730 செ.மீ.⁻¹ அருகே ஒரு முகடும் தரும். சிலைடில் உள்ள துணுக்கின் மேல் அசிட்டோன் இரண்டு மூன்று முறை விட்டால் கரைந்துவிடும், மணியின் மேல் விடாதீர்கள்.

பதிவேட்டில் இப்படி எழுதலாம்: "செம்பு மணி 2, களிம்பேறிய நூல்: பருத்திப் பேரினம், நாடா வடிவமும் திரும்பும் முறுக்கும், எஸ்.இ.எம். செம்பு மணி 1, 5: தாவர இனம் தீர்மானிக்கப்படவில்லை. மாக்கல் மணி 17, களிம்பேறாத துணுக்கு: தண்டு நார், S சாய்வு, ஒட்டிய திசுவில் ஆக்சலேட் இல்லை, ஆளியோடு பொருந்துகிறது, மணியின் காலத்தது என்பதற்குச் சான்றில்லை." "ஆளி" என்பதற்கும் "ஆளியோடு பொருந்துகிறது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய "லினன் நூல்" வரியை அடிக்காமல், தேதி போட்டு அதன் கீழே எழுதுங்கள்.

சிலைடு கிளிசரினில் இருப்பதால் சில மாதங்களில் காய்ந்துவிடும். மூடுகண்ணாடியின் நான்கு ஓரத்தையும் நிறமில்லாத நகப்பூச்சால் இரண்டு முறை அடைத்து, மணி எண்ணையும் துணுக்கு எடுத்த முனையையும் கண்ணாடியிலேயே கீறி வையுங்கள். ஒட்டிய தாள் உதிர்ந்துவிடும்.